இணையாத கணினியும் நாலு மணி ஆட்டமும்

அன்றைக்கு அக்கா கஞ்சி போட்ட நீலக் கைத்தறிப் புடவை கட்டியிருந்தார். கேமராவில் முகமும் கையும்தான் தெரியும் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. "தெரியறதோ தெரியலையோ, ஃபைனலுக்குப் போறது நானாக்கும். நைட்டியில போய் உக்காரச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடி முன் நின்று மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

அக்கா என்பது என் கணவரின் மூத்த சகோதரி. எழுபதைத் தாண்டியவர். வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தினமும் படகில் போய் வந்த அந்த நாட்களில், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஆண்களோடு உட்கார்ந்து செஸ் விளையாடப் பழகினார். பிறகு அந்த ஆண்கள் அவரோடு விளையாடப் பயப்படத் தொடங்கினார்கள் என்று அவரே சொல்வார். ஓய்வு பெற்றபின் மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த சில மாதங்களில் என் கணவரின் பழைய கம்ப்யூட்டரில் எங்கெங்கோ இருப்பவர்களோடு செஸ் ஆட ஆரம்பித்துவிட்டார். காலை சாயா குடித்ததும் ஒரு ஆட்டம், மத்தியானம் தூங்கி எழுந்ததும் ஒரு ஆட்டம்.

அந்த வருஷம் மூத்த பெண்களுக்கென்று இணையத்தில் நடந்த ஒரு போட்டியில் சேர்ந்திருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஆட்டம். ஒவ்வொன்றாக ஜெயித்து, கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். எதிராளி நாக்பூர்ப் பக்கம் இருக்கும் ஒரு ரிட்டயர்ட் டீச்சர். சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்டம். கம்ப்யூட்டரில்தான் ஆடவேண்டும், முகமும் கையும் கேமராவில் தெரியவேண்டும் என்பது விதி. கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் எதிராளி ஜெயித்ததாக எழுதிக்கொள்வார்கள்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் திரையைத் தொடமாட்டார் அக்கா. கண்ணுக்கு ஓய்வு கொடுக்கவேண்டுமாம். மரப்பலகையில் காய்களை வைத்துக்கொண்டு தனியாக யோசித்துக்கொண்டிருப்பார். அதனால்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேபிள்காரர் வந்து பழைய நெட் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிப்போன பிறகு அந்தக் கம்ப்யூட்டரை யாரும் திறக்கவே இல்லை. என் போனில் நெட் வந்தது, நெட்டில் ஓடும் டிவியிலும் படம் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து, கேமராவைச் சோதித்துப் பார்க்கலாம் என்று அக்கா கம்ப்யூட்டரைத் திறந்தார். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி, இங்க வா" என்று கூப்பிட்டார். அந்தக் குரலில் இருந்தது கோபமில்லை. அதுதான் என்னை ஓட வைத்தது.

திரையில் வெள்ளைப் பக்கம். இணைய இணைப்பு இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி. மூலையில் இருந்த சின்னப் படத்தின் மேல் மஞ்சள் முக்கோணம்.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். நெட் பெட்டியை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வயரைக் கழற்றிக் கழற்றிச் செருகினேன். பெட்டியில் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. என் போனில் வாட்ஸாப் செய்திகள் வந்து விழுந்தன. கம்ப்யூட்டர் மட்டும் அதே வெள்ளைப் பக்கத்தைக் காட்டியது.

"நீ ஒண்ணும் தொடண்டாம். அவனைக் கூப்பிடு" என்றார் அக்கா.

அவன் என்றால் அவர் தம்பி, என் கணவர். எங்கள் வீட்டில் இது ஒரு பழகிப்போன வாக்கியம். மிக்ஸி நின்றால் அவன் வரட்டும். இன்வெர்ட்டர் கத்தினால் அவன் வரட்டும். நான் பஜார் ரோட்டில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் அனுப்பும் சரக்குக்கான காகிதங்களைத் தயாரிக்கும் வேலை பார்க்கிறேன். அங்கே என்னைக் கேட்காமல் ஒரு மூட்டை நகராது. ஆனால் வீட்டில் சுவிட்ச் உள்ள எதுவும் என் எல்லைக்குள் வராது. அக்கா இதைப் பொல்லாத்தனமாகச் சொல்வதில்லை. மழை வரும்போது துணியை எடு என்று சொல்வதுபோல இயல்பாகச் சொல்வார். வாதாடிப் பார்த்து அலுத்து, நானும் அதற்குப் பழகிவிட்டிருந்தேன்.

என் கணவர் ஏலூரில் ஒரு கெமிக்கல் பிளான்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இருந்தாலும் அழைத்துப் பார்த்தேன். மணி அடித்து அடித்து நின்றது. அவர் வெளியே வரும்போது ஆட்டமே முடிந்துபோயிருக்கும்.

அடுத்து கேபிள்காரர். பின்னணியில் செண்டை மேளமும் கூட்டத்தின் சத்தமும் கேட்டன. களமசேரியில் ஒரு கல்யாண வீட்டில் இருக்கிறாராம்.

"சேச்சி, போனில் நெட் கிட்டுன்னுண்டோ?" என்று, நெட் கிடைக்கிறதா என்று கேட்டார்.

"கிட்டுன்னுண்டு. டிவியிலும் உண்டு."

"எந்நால் லைன் ஓகே. கம்ப்யூட்டரின்டே பிரச்னயா. அது பழயதல்லே? நாளெ ஞான் வந்து நோக்காம்."

லைன் சரி, பழைய கம்ப்யூட்டரில்தான் பிரச்சினை, நாளை வந்து பார்க்கிறாராம். நாளை வந்து என்ன பார்ப்பது? நான் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதற்குள் மேளச் சத்தம் அதிகமாகி, அவர் குரல் அதில் மூழ்கிப்போனது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் கை கோத்து, ஜன்னலைப் பார்த்தபடி.

"சாரமில்லை" என்றார். "தோத்துட்டேன்னு போட்டுப்பா. விடு."

அவர் வாயிலிருந்து அந்த மலையாளச் 'சாரமில்லை'யை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. சாம்பாரில் உப்பு கம்மியாக இருந்தால்கூட 'பரவாயில்லை' சொல்லாத மனுஷி. கஞ்சி போட்ட புடவை கட்டிலில் விறைத்து நின்றது, உள்ளே அவர் சின்னதாகத் தெரிந்தார். எனக்கு எங்கிருந்தோ ஒரு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. கேபிள்காரர் மேலா, அந்த மஞ்சள் முக்கோணத்தின் மேலா, அவன் வரட்டும் என்று இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்த என் மேலேயேதானா.

"அக்கா, நான் ஒரு தடவை பாக்கறேன்" என்றேன்.

"நீயா?"

"நானேதான். கெட்டுப்போச்சுன்னா கெட்டுப்போகட்டும். இப்பவே கெட்டுத்தானே கிடக்கு?"

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

கம்பெனியில் ஒரு சரக்கு போய்ச் சேரவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வோம்? எதுவரை ஒழுங்காகப் போனது, எங்கே நின்றது என்று ஒவ்வோர் இடமாகக் கேட்டுக்கொண்டு போவோம். நெட் பெட்டி வரைக்கும் நெட் வந்திருக்கிறது. அதற்குப் போனே சாட்சி. பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருவது ஒரு வயர். அந்த வயர் நல்லதா? எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் மிளகு, சுக்கு குடோன்கள். எலிக்குப் பஞ்சமில்லை. வயர் முழுக்க விரலால் தடவிப் பார்த்தேன். ஓர் இடத்தில் மேல்தோல் கடிபட்டிருந்தது.

"எலிதான்!" என்று கத்தியேவிட்டேன். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஆனால் சந்தேகமாகவும் இருந்தது. கடிதான் காரணம் என்று நிரூபித்துவிட வேண்டாமா? கம்ப்யூட்டர் முனையிலிருந்து அந்த நீள வயரைக் கழற்றி, பக்கத்து ஹாலில் டிவிக்கு இருந்த நெட் வயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செருகினேன். டிவியில் படம் பளிச்சென்று வந்தது. யாரோ பாயசம் கிளறிக்கொண்டிருந்தார்கள். நிற்காமல் ஓடியது. எலி தோலைத்தான் கடித்திருக்கிறது, உள்ளே இருக்கும் கம்பியைத் தொடவில்லை.

"அப்ப வயர் இல்லை" என்றார் அக்கா, வாசற்படியில் நின்றுகொண்டு. எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை.

"வயர் இல்லை. பெட்டி இல்லை. லைன் இல்லை. மிச்சம் கம்ப்யூட்டருக்கு உள்ளதான்."

"மூணு காய் போயாச்சு. ராஜா மூலையிலதான் இருக்கணும்" என்றார் அவர்.

வயரை மறுபடி கம்ப்யூட்டரில் மாட்டினேன். மஞ்சள் முக்கோணத்தின் மேல் அழுத்தினேன். ஒரு பக்கம் திறந்தது, அதில் ஒரு பொத்தான்: கோளாறைக் கண்டுபிடி என்று பொருள்படும் இங்கிலீஷ் வார்த்தை. அழுத்தினேன். ஒரு பட்டை ஊர்ந்து ஊர்ந்து போய், கடைசியில் கம்ப்யூட்டரின் முகவரி அமைப்பு சரியில்லை என்று ஒரு வரி வந்தது. என்ன சரியில்லை, எப்படிச் சரிசெய்வது என்று ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் உடம்புக்கு என்னமோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனதுபோல.

ஆனால் முகவரி என்ற சொல் என் கையில் சிக்கிவிட்டது. என் தொழிலே அதுதான்.

அந்தப் பக்கத்திலேயே கொஞ்சம் கீழே போனேன். எண்களாக வந்தன. புள்ளி வைத்துப் பிரித்த எண்கள். கம்ப்யூட்டரின் முகவரி 192.168.0.10 என்று இருந்தது. அதற்குக் கீழே 192.168.0.1. பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. சரி, ஒழுங்காக வேலை செய்கிற ஒன்றில் இதே எண்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்போமே என்று தோன்றியது. என் போனில் வைஃபை பெயரைத் தொட்டு, உள்ளே உள்ளே போனேன். அங்கேயும் அதேபோல எண்கள் இருந்தன. போனைத் திரையின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தேன். பதற்றத்தில் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தது.

அக்கா தன் பூதக்கண்ணாடியை எடுத்துவந்தார். பேப்பர் படிக்க வைத்திருப்பது. ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, முதலில் திரையைப் பார்த்தார், பிறகு போனை. மறுபடி திரை. மறுபடி போன். எதிராளி கவனமாக ஒரு நகர்வு வைத்தால் அவர் முகம் எப்படி இறுகுமோ அப்படி இறுகியிருந்தது.

"மூணாவது எண் மாறியிருக்கு, பாரு" என்றார். "இதுல பூஜ்யம். அதுல ஒண்ணு."

பார்த்தேன். போனில் 192.168.1.7. கீழே 192.168.1.1. ஆமாம். கடைசி எண் கதவு எண் மாதிரி ஆளுக்கொன்று இருக்கலாம், மற்றபடி மூன்றாவது இடத்தில் மட்டும்தான் வித்தியாசம்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. சில வருஷங்களுக்கு முன் பிரின்டர் வாங்கியபோது ஒரு மெக்கானிக் வந்து, கம்ப்யூட்டருக்கு ஒரு முகவரியைக் கையால் போட்டு, இனி இதை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதிருந்த பழைய பெட்டிக்குப் பொருந்திய முகவரி அது. வெள்ளிக்கிழமை வந்த புதிய பெட்டி வேறு வரிசையில் எண் கொடுக்கிறது. போனும் டிவியும் பெட்டி கொடுத்ததை வாங்கிக்கொண்டன. கம்ப்யூட்டர் மட்டும் பழைய பெட்டியின் முகவரியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத இடத்தில் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. சரக்கு அனுப்புகிறவளுக்கு இது புரியாமல் இருக்குமா?

எண்களுக்கு மேலே ஒரு வரியைக் கண்டுபிடித்தேன். முகவரி கையால் போடப்பட்டது என்றது. பக்கத்தில் 'மாற்று' என்ற பொத்தான். அதைத் தொட்டால் இரண்டு வழி: கையால், அல்லது தானாக.

விரல் மவுஸின் மேல் நின்றுவிட்டது. மாற்றக்கூடாது என்று அந்த மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்தது. முதலில் போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன், தப்பாகப் போனால் பழையபடி போட்டுவிடலாம் என்று. மணி நாலு ஆகிவிட்டது. வெளியே மழை கொட்ட ஆரம்பித்திருந்தது.

"மாத்தட்டுமா?" என்று கேட்டேன்.

"தொட்ட காயை நகர்த்தணும்" என்றார் அக்கா. "அதாக்கும் ரூல். மாத்து."

தானாக என்பதைத் தேர்ந்தேன். சேமி என்பதை அழுத்தினேன். திரை ஒரு கணம் ஒன்றும் செய்யாமல் இருந்தது. சின்னப் படத்தின் மேல் ஒரு வளையம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எண்கள் மறைந்தன. பிறகு எண்கள் மறுபடி வந்தன: 192.168.1.9. மூன்றாவது இடத்தில் ஒன்று. மஞ்சள் முக்கோணம் காணாமல் போயிருந்தது.

வெள்ளைப் பக்கத்தைப் புதுப்பித்தேன். பலகை வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக அறுபத்து நாலு கட்டமும் வந்தன.

நான் கத்தியதில் எதிர் குடோனில் மழைக்கு ஒதுங்கி நின்ற லோடிங் ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். அவரும் என்னைக் கட்டிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கஞ்சிப் புடவை கசங்கியது.

"தள்ளு, தள்ளு, கடிகாரம் ஓடறது" என்று அவரே என்னை விலக்கினார்.

நாலு மணி தாண்டிச் சில நிமிஷங்கள் ஆகிவிட்டன. அக்காவின் கடிகாரத்தில் அவ்வளவும் கழிந்துபோயிருந்தது. நடுவர் கேமராவில் தலையசைத்தார். எதிர்ப்பக்கத்து டீச்சர், வெள்ளைக் காட்டன் புடவை, வட்டப் பொட்டு, சிரித்துக்கொண்டே இங்கிலீஷில், "நீங்கள் வரமாட்டீர்களோ என்று கவலைப்பட்டேன்" என்றார். அவரும் நல்ல புடவைதான் கட்டியிருந்தார் என்பதை அக்கா திருப்தியோடு கவனித்தார்.

எனக்குச் செஸ் தெரியாது. காய்கள் எப்படி நகரும் என்பது மட்டும் தெரியும். ஆகவே நான் பலகையைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தேன். கேமராவில் தெரியாத இடத்தில், கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அக்காவின் முகம் கல். மேசைக்கு அடியில் வலது கால் பெருவிரல் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அது நின்றது. ராணியைக் கொடுத்துவிட்டார் என்று அப்புறம் தெரிந்தது. கொடுத்துவிட்டு எதிராளியின் ராணியையும் எடுத்துக்கொண்டாராம். நேரம் குறைவாக இருப்பவருக்கு ராணி இல்லாத பலகைதான் வசதியாம், யோசிக்க வேண்டியது கம்மி. அதற்குப் பிறகு ஓரத்தில் இருந்த ஒரு சிப்பாயை ஒவ்வொரு கட்டமாக மேலே தள்ளிக்கொண்டு போனார். கடிகாரத்தில் எண்கள் சிவப்பாக மாறின. நான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மழையில் கரண்ட் போய்விடக்கூடாதே என்று வேண்டாத தெய்வமில்லை. சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து புது ராணியாயிற்று.

நாக்பூர் டீச்சர் பலகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

அக்காவும் கூப்பினார். கேமராவை அணைத்தார். அதற்கப்புறம்தான் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "ஜெயிச்சாச்சு!" என்று கூவினார். எதிர் குடோன் ஆட்கள் மறுபடி அண்ணாந்து பார்த்தார்கள். ஜன்னல் வழியாக அவர்களிடம், "ஃபைனல் ஜெயிச்சு!" என்று மலையாளத்தில் அறிவித்தேன். என்ன ஃபைனல் என்று தெரியாமலே அவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் விசிலடித்தார்.

என் கணவர் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது நாங்கள் இருவரும் நேந்திரம்பழத்தில் போட்ட சூடான பழம்பொரியும் சாயாவுமாக உட்கார்ந்திருந்தோம். கேட்டில் போனை வாங்கியதும் என் தவறிய அழைப்புகளைப் பார்த்திருக்கிறார். "என்னாச்சு? ஆட்டம் என்னாச்சு? சரியாக்க யாரு வந்தா?" என்று செருப்பைக் கழற்றாமலே கேட்டார்.

"யாரு வரணும்?" என்றார் அக்கா. "இவதான் சரியாக்கினா. வயரைப் பாத்தா, பெட்டியைப் பாத்தா, முகவரியைக் கண்டுபிடிச்சா. நான் கூட மாட நின்னேன், அவ்வளவுதான்."

"மூணாவது எண்ணைக் கண்டுபிடிச்சது அக்கா" என்றேன்.

"அது சின்ன விஷயம். இவளாக்கும் மாத்தினது."

என் கணவர் நம்பாதவர்போலக் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தார். ஒரு பக்கம் திறந்தார். திறந்தது. இன்னொன்று திறந்தார். அதுவும் திறந்தது. எண்களைப் போய்ப் பார்த்தார். சரிசெய்ய ஒன்றும் கிடைக்கவில்லை. எழுந்துவந்து ஒரு பழம்பொரியை எடுத்துக்கொண்டு, "போனை வயர்ல கனெக்ட் பண்ணியும் நெட் எடுத்திருக்கலாம், தெரியுமோ?" என்றார். இருக்கலாம். எங்களுக்கு அன்று அது தெரியவில்லை. தெரியாததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

செய்தி எப்படிப் பரவியதோ, அடுத்த வாரமே கீழ்வீட்டுக் கொங்கணி மாமி படியேறி வந்தார். அவர்கள் வீட்டு லேப்டாப்பில் நெட் வரவில்லையாம். என் கணவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார். மாமி அவரைத் தாண்டி நேராக என்னிடம் வந்து, "நீங்க ஒண்ணு வந்து பாக்கணும்" என்றார்.

போனேன். எதுவரை வந்தது, எங்கே நின்றது என்று ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். முதல் இடத்திலேயே நின்றுவிட்டது. வீட்டைப் பெருக்கியபோது யாரோ நெட் பெட்டியின் சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். நான் அதைப் போட்டேன். பச்சை விளக்குகள் வந்தன. மாமி ஆச்சரியத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு, அவர் கொடுத்த பாயசத்தை வாங்கிக்கொண்டு மாடியேறினேன்.